மின்சாரம் நின்ற வீட்டில் தணல் சட்டி

கேள்வி: போன பனிக்காலத்தில், விழுந்ததும் பனிக்கட்டியாகிவிடும் உறைமழை பெய்து எங்கள் வீட்டில் ஒன்றரை நாள் மின்சாரம் இல்லை. எட்டு மாதக் குழந்தைக்குக் குளிருகிறதென்று மாமி பார்பிகியூ கரியைச் சட்டியில் மூட்டி அறைக்குள் வைக்கப் போனார். கணவர் சத்தம்போட்டுத் தடுத்துவிட்டார். “இவனைப் பெத்தெடுத்த அறையிலயும் தணல்தானே வச்சிருந்தது” என்று மாமி அழுதுவிட்டார். யார் பக்கம் சரி? இனி இப்படி வந்தால் எப்படிச் சமாளிப்பது?
– வாசகி, ஸ்காபரோ

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

தடுத்தது சரி. மாமி சொன்னதும் உண்மைதான். ஊரில் பிள்ளைப்பெற்ற அறையில் தணல் வைத்தார்கள். ஓட்டு இடுக்கிலும் சன்னலிலும் காற்று போய்வந்தது. கனடா வீடோ குளிர் புகாதபடி இறுக்கி அடைத்துக் கட்டியது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு அதற்குள்ளேயே தங்கிவிடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. புகை அடங்கிக் கரி செக்கச்சிவந்து கனலும்போது பயமில்லை என்று தோன்றும். அப்போதும் அது வந்துகொண்டேதான் இருக்கும். தலையிடிக்கும், குமட்டும், நித்திரை தூக்கும். படுத்தவர் எழும்பாமலே போகலாம்.

2013 டிசம்பர் உறைமழையில் ரொறன்ரோவில் ஏறக்குறைய 3 லட்சம் மின் இணைப்புகள் அறுந்தன. கிறிஸ்மஸ் கழிந்தும் பல வீடுகள் இருட்டில் கிடந்தன. அப்போது நகருக்குக் கிழக்கே நியூகாசிலில் கராஜுக்குள் ஜெனரேட்டரை ஓடவிட்ட இருவர் இறந்துபோனார்கள். கராஜ் கதவைத் திறந்து வைத்தாலும் ஜெனரேட்டர் அங்கே ஆகாது. அறையைச் சூடாக்கக் காஸ் அடுப்பையும் எரியவிட வேண்டாம்.

மாமியிடம் நீங்கள் பேசுங்கள். “நீங்கள் பிள்ளை வளர்த்த விதத்தில் பிழையில்லை மாமி, இந்த வீட்டில்தான் காற்று வெளியே போக வழியில்லை” என்று சொல்லுங்கள். உங்கள் கணவர், சத்தம்போட்டதற்கு மட்டுமாவது, மாமியிடம் மன்னிப்புக் கேட்கட்டும்.

வீட்டைச் சூடாக்கும் பர்னஸ் காஸில் ஓடினாலும் அதன் விசிறிக்கு மின்சாரம் வேண்டும். அதனால்தான் வீடு குளிர்ந்துபோகிறது. உறைமழை எச்சரிக்கை வந்த உடனே பிளாஸ்க்குகளில் வெந்நீர் நிரப்பி, போன்களைச் சார்ஜ் போட்டுவிடுங்கள். மின்சாரம் நின்றால் எல்லோரும் ஒரே சின்ன அறைக்கு வந்துவிடுங்கள். கதவடியில் துவாயைச் சுருட்டி வையுங்கள், இரவில் சன்னலில் கம்பளியைத் தொங்கவிடுங்கள். குழந்தைக்கு உடுப்பை அடுக்கடுக்காகப் போடலாம். தூங்கும்போது முகத்தருகே தளர்ந்த போர்வை கூடாது. வெளிச்சத்துக்கு டார்ச் போதும், மெழுகுவர்த்தி வேண்டாம்.

பிரிட்ஜைத் திறக்காமல் விட்டால் 4 மணி நேரமும், நிறைந்த பிரீசர் 48 மணி நேரமும் தாங்கும். வீடு உறைநிலையை நெருங்கினால் தண்ணீரின் பிரதான வால்வை மூடி, குழாய்களைத் திறந்து வடியவிடுங்கள், இல்லாவிட்டால் குழாய் வெடிக்கும். அந்த வால்வு பேஸ்மென்டில் எங்கே இருக்கிறதென்று இப்போதே பார்த்து வையுங்கள். கைக்குழந்தை இருப்பதால் அவ்வளவுக்குக் காத்திருக்காதீர்கள். பனிக்கட்டி உருக வீதிக்கு உப்புப் போட்டதும், பகல் வெளிச்சத்தில், மின்சாரம் உள்ள உறவினர் வீட்டுக்கோ நகரசபை திறக்கும் வெப்ப மையத்துக்கோ போய்விடுங்கள். அறுந்து கிடக்கும் கம்பிக்கு 10 மீட்டருக்குள் யாரும் போகக்கூடாது.

இந்த வாரமே கார்பன் மோனாக்சைடு அலாரத்தைக் கழற்றிப் பாருங்கள். சுவர் மின்சாரத்தில் மட்டும் ஓடுகிறதென்றால், மின்சாரம் நின்ற இரவில் அது ஊமையாகத்தான் இருக்கும். பாட்டரியிலும் வேலை செய்வதாக ஒன்று வாங்கிப் படுக்கையறைப் பக்கம் மாட்டுங்கள். அது அடித்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் வெளியே வாருங்கள். அவசர உதவி எண் 911க்கு வெளியே நின்று கூப்பிடுங்கள்.