இரண்டு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் கார்த்திகை விளக்கை எப்படி ஏற்றுவது?

கேள்வி: "ஆறாவது மாடியில் அடுக்குமாடி வீடு. 2 வயதுப் பையன், 5 வயதுப் பெண். மாமியார் 27 அகல் ஏற்றியே ஆகவேண்டும் என்கிறார். கணவர் எல்இடி விளக்கு போதும் என்கிறார். எது சரி? பிள்ளைகளுக்குப் பொரி உருண்டை கொடுக்கலாமா?"

27 அகலையும் ஏற்றுங்கள். மாமியார் கேட்பதில் தவறில்லை. பையனை அறைக்குள் அடைத்து வைக்கவும் வேண்டாம். ஆனால் முதல் தீக்குச்சி கிழித்ததிலிருந்து கடைசி விளக்கு குளிரும் வரை, பெரியவர் ஒருவருக்குப் பையனைப் பார்ப்பது மட்டுமே வேலையாக இருக்கவேண்டும். விளக்கு ஏற்றுகிறவர் அந்த ஆள் ஆக முடியாது, அடுப்பில் அப்பம் சுடுகிறவரும் ஆக முடியாது, கைப்பேசியில் படம் எடுக்கிறவர் நிச்சயமாக முடியாது. எல்இடிதான் வேண்டும் என்று சொல்லும் உங்கள் கணவரிடமே அந்தப் பொறுப்பைக் கொடுங்கள். அப்படி ஓர் ஆள் கிடைக்காத வருஷம் வாசலில் இரண்டு விளக்கோடு நிறுத்திக்கொள்ளலாம்.

"நாங்களெல்லாம் தீப்பொறி பறக்க மாவலி சுற்றி வளர்ந்தவர்கள், எங்களுக்கு என்ன ஆயிற்று" என்று இதன் கீழே யாராவது எழுதுவார்கள் என்று தெரியும். அந்த வீடுகளில் சுவரில் மாடக்குழி இருந்தது. திண்ணை உயரமாக இருந்தது. பாட்டி, அத்தை, சித்தி என்று பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. அடுக்குமாடியில் அதே அகல் தரையில், குழந்தையின் பாவாடை விளிம்பு உயரத்தில் இருக்கிறது. விளக்கு அதேதான், இடம்தான் மாறிவிட்டது. வழக்கத்தை விடச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். வழக்கத்தை விடாமல் செய்வதற்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள். இரண்டு வயதுப் பிள்ளை எட்டிப் பிடித்தால் கை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம் வரை போகும், பக்கத்தில் ஸ்டூல் இருந்தால் இன்னும் மேலே போகும். அதனால் மேசை, டிவி ஸ்டாண்ட், ஜன்னல் திட்டு எதுவும் பாதுகாப்பான உயரம் இல்லை. பால்கனிக் கைப்பிடிச் சுவர் மேல் வைக்கவே வேண்டாம். காற்றடித்தால் எண்ணெயோடு கீழ்வீட்டுத் துணிமேல் விழும். நல்ல இடம் பால்கனித் தரைதான், கண்ணாடிக் கதவோ கம்பிக் கதவோ இருந்து, உள்பக்கம் தாழ் போட முடிந்தால். பையன் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று 25 விளக்கையும் பார்ப்பான். மற்ற இரண்டு வாசலுக்கு. ஏற்றுவதற்கு முன் பால்கனியில் கொடியில் காயும் துணியை எடுத்துவிடுங்கள். மழைக்காலம் என்பதால் அங்கே கட்டாயம் துணி தொங்கும். காஸ் சிலிண்டர் அந்தப் பக்கம் இருந்தால் அங்கே ஒரு விளக்குகூட வேண்டாம், வேறு இடம் பாருங்கள். திரைச்சீலையைச் சுருட்டி மேலே கட்டிவிடுங்கள்.

அகலைத் தரையில் நேரடியாக வைத்தால் இரண்டு தொல்லை. புது மண் எண்ணெயைக் கசியவிடும், டைல்ஸ் வழுக்கும், இருட்டில் ஓடிவரும் பிள்ளை விழும். அதோடு லேசாகக் கால் பட்டாலே அகல் உருளும். பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தில் அரை அங்குலம் காய்ந்த மணலைப் பரப்பி அதில் அகலை அமுக்கி வையுங்கள். ஆடாது, கசியும் எண்ணெயை மணல் குடித்துக்கொள்ளும், வேலை முடிந்ததும் தாம்பாளத்தோடு தூக்கிவிடலாம். ஒரு தாம்பாளத்தில் ஒன்பது வீதம் மூன்று தாம்பாளம் போதும். வாசலுக்கான இரண்டை மட்டும் சின்னத் தட்டில் மாற்றிக்கொள்ளுங்கள்.

புது அகலை முந்தின நாளே தண்ணீரில் இரண்டு மூன்று மணி நேரம் ஊறவைத்து, துடைத்து, கவிழ்த்துக் காயவைக்கவேண்டும். ஊறாத மண் எண்ணெயைக் குடித்துவிடும். சரியாகக் காயாவிட்டால் எண்ணெய்க்கு அடியில் ஈரம் தங்கி, சுடர் இறங்கும் நேரத்தில் படபடவென்று தெறிக்கும். அந்தத் தெறிப்பு குனிந்து பார்க்கும் குழந்தையின் முகத்துக்குத்தான் வரும். கார்த்திகை மாத ஈரக்காற்றில் மண் மெதுவாகத்தான் காயும், அன்று காலையில் ஊறவைத்தால் நேரம் போதாது. எண்ணெய் விளிம்பு வரை வேண்டாம். ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் ஏறக்குறைய அரை மணி நேரம் எரியும், திரி மெலிதாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூட. சின்னப் பிள்ளை உள்ள வீட்டுக்கு அவ்வளவு நேரம் போதும். திரியின் நுனி வெளியே அரை சென்டிமீட்டருக்கு மேல் நீண்டால் சுடர் உயர்ந்து புகையும்.

வண்ணம் பூசி ஜிகினா ஒட்டிய அகலை வாங்காதீர்கள். சூட்டில் பூச்சு உரிந்து நாற்றமடிக்கும், ஜிகினா குழந்தையின் கையில் ஒட்டிக் கண்ணுக்குப் போகும். இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எல்கேஜி பிள்ளைகளுக்குக் கூட "கையால் வண்ணம் தீட்டிய அகல் ஐந்து, நாளை கொண்டுவரவும்" என்று முந்தின நாள் மாலை வாட்ஸப்பில் அனுப்பும் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. அரையாண்டுத் தேர்வு நெருங்கும் நேரம், மழை, கடை கடையாக அலைவது அம்மா, இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து தீட்டுவதும் அம்மா. மறுநாள் அதற்குப் பரிசும் கொடுக்கிறார்கள். நான்கு வயதுப் பிள்ளை இதில் என்ன கற்றுக்கொள்கிறது என்று எந்த ஆசிரியராவது விளக்கினால் நன்றாக இருக்கும். களிமண்ணைக் கொடுத்து வகுப்பிலேயே உருட்டச் சொல்லுங்கள், கோணல்மாணலாக வந்தாலும் அது அந்தப் பிள்ளை செய்ததாக இருக்கும்.

சரி, எல்இடி. உங்கள் கணவர் நினைப்பதுபோல அது ஆபத்தில்லாத பொருள் இல்லை. அந்தக் குட்டி விளக்குகள் பலவற்றிலும், தண்ணீர் ஊற்றினால் எரியும் வகையிலும், உள்ளே இருப்பது பட்டன் பேட்டரி. 2 வயதுப் பிள்ளை அதை விழுங்கி உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே புண்ணாகத் தொடங்கும். ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து காரம் உண்டாகி சதையை அரிப்பதுதான் காரணம், பேட்டரி தீர்ந்துபோனதாக இருந்தாலும் நடக்கும். பேட்டரி மூடி திருகாணி போட்டு முடுக்கியதா என்று பார்த்து வாங்குங்கள். நகத்தால் திறக்க வருகிற மூடி என்றால் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். பேட்டரி ஒன்று காணவில்லை, பிள்ளை எச்சில் வடிக்கிறான், சாப்பிட மறுக்கிறான் என்றால் வாந்தி எடுக்கவைக்காமல் நேராக எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

இதைவிட நம் வீடுகளில் யாரும் கவனிக்காதது கற்பூரம். வெள்ளையாக, கல்கண்டு மாதிரி, பூஜைத் தட்டில் கைக்கெட்டும் இடத்தில் கிடக்கும். சின்னப் பிள்ளைக்குச் சிறு அளவே வலிப்பை வரவழைக்கும், அதுவும் சில நிமிடங்களில். டப்பாவை மேல் அலமாரியில் வையுங்கள், தேவைக்கு ஒரு கட்டி மட்டும் எடுங்கள். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது, உடனே 108 அல்லது பக்கத்து மருத்துவமனை. இந்த மாதம் சளி பிடிக்கும் என்று தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பார்கள். இரண்டு வயதுக்குக் கீழே அது வேண்டாம், எந்த வயதிலும் மூக்குக்குள் வேண்டாம். தோல் வழியாகவும் அது உடம்புக்குள் போகும். பாட்டிகள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. "விளக்கேற்ற மட்டும்" என்று அச்சிட்ட தீப எண்ணெய்ப் பாட்டிலும் சமையல் எண்ணெய் பக்கத்தில் இருக்கக் கூடாது.

பிள்ளைகளுக்கு வேலை கொடுங்கள், ஆனால் நெருப்புக்கு முந்தின வேலைகளாக. பையன் மணலில் அகலை அமுக்கி வைக்கட்டும். பெண் திரி போட்டு, கரண்டியால் எண்ணெய் விடட்டும், கோலத்துக்குப் புள்ளி வைக்கட்டும். ஐந்து மணிக்கே இருவருக்கும் சாப்பாடு கொடுத்துவிடுங்கள். பசியோடும் தூக்கத்தோடும் இருக்கும் பிள்ளை ஆறு மணிக்கு யார் பேச்சையும் கேட்காது. திருவண்ணாமலையில் மலைமேல் மகாதீபம் மாலை ஆறு மணிக்கு ஏற்றுவார்கள், அதைத் தொலைக்காட்சியில் பார்த்த கையோடு நீங்கள் ஏற்றினால் பெண்ணுக்கும் விஷயம் புரியும். ஒரே ஒரு விளக்கை அவள் ஏற்றலாம், அவள் கைமேல் உங்கள் கை இருக்கவேண்டும்.

உடை: தரை தொடும் பாவாடை, தாவணி, ஜரிகைத் துப்பட்டா அன்று மாலை வேண்டாம். பட்டுப்பாவாடை என்று விற்பதில் பெரும்பாலானது பாலியெஸ்டர், தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். பருத்தியும் பற்றும், ஆனால் உருகி ஒட்டாது. உடம்போடு ஒட்டிய பருத்திச் சட்டை, கால்சட்டை, தலைமுடியைப் பின்னிக் கட்டியிருக்கவேண்டும். பட்டுப்பாவாடையை மறுநாள் காலை கோயிலுக்குப் போட்டுவிடுங்கள்.

விளக்கை அணைத்துக் குளிரவைக்கும்போது ஊதாதீர்கள், தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். திரியைக் குச்சியால் எண்ணெய்க்குள் இழுத்துவிடுங்கள். அகல் அதன்பிறகும் கால்மணி நேரம் சுடும், அதுவரை கதவு தாழில்.

சுட்டுவிட்டால் குழாயைத் திறந்து ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடாதீர்கள், நேரம்தான் மருந்து. வளையல், கொலுசு, அரைஞாண் எல்லாவற்றையும் வீங்குவதற்குமுன் கழற்றுங்கள், ஒட்டிய துணியை மட்டும் பிடுங்காதீர்கள். பற்பசை, மஞ்சள், மை, ஐஸ் எதுவும் கூடாது. முகம், கை, பாதம், மூட்டு, மறைவிடம் என்றாலோ, குழந்தையின் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ, கொப்புளம் எழும்பினாலோ மருத்துவரிடம்.

பொரி உருண்டை பையனுக்கு வேண்டாம். கெட்டிப்பாகு, உடைத்த தேங்காய்த் துண்டு, பொட்டுக்கடலை, நெல் பொரியின் உமி, நான்குமே தொண்டையில் சிக்குபவை. கடைவாய்ப் பல் சரியாக வராத பிள்ளையால் அதை அரைக்க முடியாது. பெண்ணுக்கு உதிர்த்து, தேங்காய்த் துண்டை எடுத்துவிட்டு, உட்காரவைத்துக் கொடுக்கலாம், ஓடிக்கொண்டே தின்னக் கூடாது. பாகு காய்ச்சும்போது இருவரும் சமையலறை வாசலுக்கு வெளியே. கொதிக்கும் தண்ணீரைவிடச் சூடானது, பட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும். சிக்கிக்கொண்டு பிள்ளை பலமாக இருமினால் இருமவிடுங்கள். சத்தமே வரவில்லை என்றால் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடிப்பகுதியால் ஐந்து அடி, வெளியே வராவிட்டால் பின்னால் நின்று தொப்புளுக்கு மேலே ஐந்து முறை உள்நோக்கி மேலே அமுக்கவேண்டும் (ஒரு வயதுக்குமேல் மட்டும்), மாற்றி மாற்றி. கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல்விட்டுத் துழாவக் கூடாது.

பையனுக்கு ஏற்ற பலகாரம் நெல்லை, குமரிப் பக்கத்தில் கார்த்திகைக்கே செய்வது, ஓலைக் கொழுக்கட்டை. வறுத்த பச்சரிசி மாவு இரண்டு கப், கருப்பட்டி ஒரு கப், தேங்காய்த்துருவல் அரை கப், சுக்கும் ஏலக்காயும் கால் தேக்கரண்டி வீதம். கருப்பட்டியை முக்கால் கப் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள், மண் இருக்கும். சூடான கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு சப்பாத்தி மாவைவிட இளக்கமாகப் பிசையுங்கள். இறுகினால் வெந்தபின் ரப்பராகும், தளர்ந்தால் ஓலையிலிருந்து வழியும். பனங்குருத்தோலையைக் கழுவித் துடைத்து, மாவை அடைத்து, இன்னோர் ஓலையால் மூடி, ஓலைநாரால் கட்டி 25 நிமிடம் ஆவியில் வேகவிடுங்கள். ஓலை விளிம்பு கையைக் கிழிக்கும், அதை நறுக்கிச் சரிசெய்வது பெரியவர் வேலை. சூடு தணிந்த மாவை ஓலைக்குள் அமுக்குவது பையன் வேலை. பனை ஓலை கிடைக்காவிட்டால் வாழை இலையில் மடித்து வையுங்கள், வாசனை வேறு, பதம் அதேதான். ஆறியபிறகு விரல் நீளத்துக்கு நறுக்கிக் கொடுங்கள்.

கம்பி மத்தாப்பு பையன் கையில் வேண்டாம். அணைந்த கம்பியும் பழுக்கக் காய்ந்திருக்கும், தண்ணீர் வாளியில் போடுங்கள். கோயிலில் பனையோலை கட்டிக் கொளுத்தும் சொக்கப்பனை பார்க்கப் போனால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, புகை வராத பக்கம் தள்ளி நில்லுங்கள், இழுப்பு வரும் பிள்ளை என்றால் தூரத்திலிருந்து போதும்.

மறுநாளும் விளக்கு வைப்பது உங்கள் வீட்டு வழக்கம் என்றால் வாசலில் இரண்டோடு நிறுத்தலாமா என்று மாமியாரிடமே கேளுங்கள். எல்லாம் முடிந்ததும் அகல்களைப் பால்கனியிலோ மொட்டைமாடியிலோ விட்டுவிடாதீர்கள். மழைத்தண்ணீர் தேங்கும் ஓர் அகலே டெங்கு கொசு முட்டையிடப் போதும், ஒரு வாரம் பத்து நாளில் கொசு பறக்கும். ஊறவைத்த வாளியையும் சேர்த்துக் கவிழ்த்துவிட்டு, அகலைச் சாம்பலும் சீயக்காயும் போட்டுத் தேய்த்து, காயவைத்துப் பெட்டியில் கட்டி வையுங்கள்.