சொந்த ஊர் எது என்று கேட்டால் என்ன சொல்வது?

கேள்வி: எனக்கு 27 வயது. கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தேன், இப்போது கோவையில் வேலை பார்க்கிறேன். அப்பா எட்டு வயதில், 1974-ல், பாட்டியோடு சிலோனிலிருந்து வந்தவர். எனக்குப் பேசிக்கொண்டிருக்கும் மாப்பிள்ளை வீட்டில் பூர்வீகம் எது, குலதெய்வம் எது என்று கேட்கிறார்கள். எங்களுக்கு இரண்டுமே தெரியாது. அப்பா, "துறையூர் பக்கம்னு சொல்லி ஏதாவது ஒரு சாமி பேரைச் சொல்லிடு" என்கிறார். பாட்டிக்கு 79 வயது, அவரிடம் கேட்டால் பேசாமல் எழுந்து போய்விடுகிறார். குலதெய்வத்தை விட்டதால்தான் குடும்பத்தில் எதுவும் விளங்கவில்லை என்று ஒரு ஜோசியர் வேறு சொல்லிவிட்டார். நான் பொய் சொல்லலாமா?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

சொல்லாதே. பொய் சொல்வது பாவம் என்பதற்காகச் சொல்லவில்லை. குலதெய்வத்தைப் பற்றிய பொய்யை ஒரு தடவை சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. பத்திரிகையின் தலையில் அந்தச் சாமி பேர்தான் அச்சாகும், முதல் பத்திரிகையை அங்கேதான் வைக்க வேண்டும், அப்புறம் உங்கள் பங்காளிகள் யார், தலைக்கட்டு வரி யாரிடம் கொடுக்கிறீர்கள் என்று கேட்பார்கள், நாளைக்குக் குழந்தை பிறந்தால் எந்தக் கோயிலில் மொட்டை என்பார்கள், ஒவ்வொரு தடவையும் நீ பயந்து பயந்து வேறு கதை சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

இன்னொன்றையும் உடைத்தே சொல்கிறேன். நம் ஊரில் 'எந்த ஊர், என்ன குலதெய்வம்' என்கிற கேள்வி பல நேரம் சாதியைச் சுற்றிவளைத்துக் கேட்பதுதான். அவர்கள் எதற்காகக் கேட்கிறார்கள் என்று கல்யாணத்துக்கு முன்னாலேயே தெரிந்துகொள்வது உனக்கு நல்லது. அந்தப் பையனிடமே நேராகச் சொல்லு: "எங்கள் முன்னோர் தோட்ட வேலைக்குச் சிலோன் போனவர்கள், ஊர் பேர் கைமாறி வரவில்லை, தேடிக்கொண்டிருக்கிறேன்." கேட்டுவிட்டு அவர் என்ன சொல்கிறார், அதைவிட முக்கியமாக அவர் வீட்டில் போய் என்ன சொல்கிறார் என்று பார். அப்பா மேல் கோபப்படாதே. 'சிலோன்காரன்', 'அகதி' என்று காதுபடக் கேட்டு வளர்ந்தவராக இருப்பார், உனக்கு அது வரக்கூடாது என்று நினைக்கிறார், அவ்வளவுதான். நீங்கள் அகதிகளும் இல்லை. இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தப்படி இந்தியப் பாஸ்போர்ட்டோடு குடிமக்களாக வந்தவர்கள், அரசாங்கமே 'தாயகம் திரும்பியோர்' என்றுதான் எழுதுகிறது.

ஜோசியர் சொன்னதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. உங்கள் ஆட்கள் சாமியை விட்டுவிட்டா போனார்கள்? மன்னாரில் இறங்கி மாத்தளை வரைக்கும் காட்டு வழியே நடந்த சனம் அது, வழியிலேயே செத்துப்போனவர்கள் ஏராளம், அந்த நடையை நினைத்துத்தான் 2023-ல் இலங்கையின் மலையக மக்கள், அதாவது அங்கேயே தங்கிவிட்ட தோட்டத் தமிழர்கள், தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மறுபடியும் நடந்தார்கள். போன இடத்தில் மாரியம்மனுக்குக் கோயில் கட்டினார்கள், தோட்டத்தில் காமன் கூத்து ஆடினார்கள், பொன்னர் சங்கர் ஆடினார்கள். 1948-ல் இலங்கை அரசு அவர்கள் குடியுரிமையைப் பறித்தது. 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் உட்கார்ந்து, ஒன்பதே முக்கால் லட்சம் பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்தார்கள். உங்கள் வீட்டில் விளங்காமல் போனது எதுவாக இருந்தாலும் அதன் காரணத்தை இங்கே தேடு. சாமி கோபித்துக்கொண்டது என்று அந்தப் பாட்டி தலையில் போடாதே.

அவர் ஏன் எழுந்து போகிறார் என்று யோசித்தாயா? அக்காவுக்கு அந்த நாடு, தங்கைக்கு இந்த நாடு என்று பிரிந்த குடும்பங்கள் எத்தனையோ. இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னாருக்கு இவர்களை ஏற்றிவந்த ரயிலுக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பேர். நீ ஊர் பேரைக் கேட்கிறாய், அவருக்கு அந்த ஸ்டேஷன் ஞாபகம் வருகிறது.

கோத்தகிரியில் ஒரு லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் இப்படித்தான் ஒரு பாட்டியோடு நான் உட்கார்ந்திருந்தேன். பூர்வீகம் எது என்றதும் வாயை இறுக்கிக்கொண்டார். சரி என்று பேச்சை மாற்றி, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள் என்று கேட்டேன். அவ்வளவுதான். சங்கு ஊதுகிற நேரம், கொழுந்துக் கூடையின் கயிறு நெற்றியில் பதிந்த இடம், கணக்கப்பிள்ளை பேர், ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணி பேர் எல்லாம் வந்தது. கடைசியில் அரிசிப் பானைக்குள் கையை விட்டு ஒரு மஞ்சள் பையை எடுத்தார். பையில் பாஸ்போர்ட். பிள்ளைகளோடு அவர் எடுத்துக்கொண்ட ஒரே போட்டோ அதில்தான் இருந்தது. அந்தப் போட்டோவை முந்தானையால் இரண்டு தடவை துடைத்துவிட்டுத்தான் என் கையில் கொடுத்தார்.

அதனால் நீயும் ஊரைக் கேட்காதே. எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், கங்காணி யார் என்று கேள். கங்காணிகள் பெரும்பாலும் தங்கள் சொந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும்தான் ஆள் சேர்த்தார்கள், கங்காணியின் ஊர் தெரிந்தால் உங்கள் ஊர் பக்கத்தில்தான் இருக்கும். லயத்தில் யாருக்குக் கோழி அறுத்தார்கள், மூத்த பிள்ளைக்கு யார் பேர் வைத்தார்கள் என்று கேள். தலைமுறைக்குத் தலைமுறை பெரியசாமி, செல்லம்மா என்று வந்தால் பெரம்பலூர் பக்கம் சிறுவாச்சூரை நினைக்கலாம், அங்கே மலையில் பெரியசாமியும் செல்லியம்மனும் இருக்கிறார்கள். பேரை மட்டும் வைத்து முடிவுகட்டிவிடாதே, தேட ஒரு திசை கிடைக்கும். பழைய பாஸ்போர்ட்டையும் சிலோனிலிருந்து வந்தபோது கிடைத்த குடும்ப அட்டையையும் எடுத்து ஒவ்வொரு வரியாகப் படி, தாலுகா பேர் இருந்தாலும் போதும்.

எதுவுமே கிடைக்கவில்லையா, பரவாயில்லை. ஊர் விட்டு ஊர் போனவர்கள் சாமியிடமிருந்து பிடிமண் எடுத்துப்போய்ப் புது இடத்தில் வைத்துக் கும்பிடுவது நம் வழக்கம்தானே, அப்படி வந்த கோயில்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கின்றன. பாட்டி இத்தனை வருஷமாக விளக்கேற்றுகிற சாமியை எங்கள் வீட்டுச் சாமி என்று தைரியமாகச் சொல்லு. பத்திரிகையில் அந்தப் பேரையே போடு.

பாட்டிக்கு 79 வயது என்று எழுதியிருக்கிறாய். கல்யாணப் பேச்சு ஒரு மாதம் தள்ளிப்போனால் போகட்டும். இந்த சனிக்கிழமையே வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு கோத்தகிரிக்குக் கிளம்பு, போனில் ரெக்கார்ட் பண்ணுவதாக இருந்தால் அவரிடம் கேட்டுவிட்டுப் பண்ணு.