ஐரிஷ் பிரவுன் பிரெட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐரிஷ் பிரவுன் பிரெட்டில் ஈஸ்ட் சேர்ப்பதே இல்லையா?

ஈஸ்ட் சேர்க்கும் வகையும் அயர்லாந்தில் உண்டு. ஆனால் வீடுகளில் தலைமுறைகளாகச் சுடப்பட்டு வருவது, ஈஸ்ட்டுக்குப் பதில் சமையல் சோடாவால் உப்பும் சோடா ரொட்டிதான். அந்நாட்டின் குளிர்ந்த, ஈரமான பருவநிலையில் விளையும் கோதுமை மென்மையானது. ஈஸ்ட் உண்டாக்கும் வாயுவை நெடுநேரம் பிடித்து வைக்கத் தேவையான குளூட்டன் என்னும் புரதம் அதில் குறைவு. 1830களுக்குப் பின் சமையல் சோடா அங்கே பரவலாகக் கிடைக்கத் தொடங்கியபோது, வெண்ணெய் எடுத்த வீடுகளில் எப்போதும் இருந்த புளித்த மோருடன் அது எளிதாகச் சேர்ந்துகொண்டது. ஓவன் அடுப்பு இல்லாத குடியானவர் வீடுகளில், பாஸ்டிபிள் என்னும் மூடியுள்ள இரும்புச் சட்டியில் மாவை வைத்து, மூடியின் மேலும் தணலை அள்ளிப் போட்டுச் சுட்டார்கள்.

கேள்வி: பட்டர்மில்க் என்பது நம் மோர்தானா?

வெண்ணெய் கடைந்தெடுத்த பின் எஞ்சும் மோர் என்றால், ஆம், அதேதான். குடிப்பதற்காக நீர் விட்டுப் பெருக்கிய மோர் இதற்கு உதவாது. அதில் சோடாவை வேலை செய்ய வைக்கும் அளவுக்குப் புளிப்பு இருக்காது. கடைந்த மோர் கிடைக்காவிட்டால், நன்கு புளித்த கெட்டித் தயிர் 300 கிராமுடன் 100 மில்லி தண்ணீர் கலந்து, கட்டியில்லாமல் அடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடை ஆட்டாவில் செய்யலாமா?

செய்யலாம். அங்கே பயன்படுத்தும் முழுக்கோதுமை மாவு கொரகொரப்பானது, நமது ஆட்டாவோ நைசாக அரைபட்டது என்பதால், 225 கிராம் ஆட்டா, 225 கிராம் மைதாவுடன் இரண்டு மேசைக்கரண்டி கோதுமைத் தவிடு சேர்த்தால் அந்தக் கரடுமுரடான பதம் ஓரளவு கிட்டும். ஒரு தேக்கரண்டி உப்பு, தலைதட்டிய ஒரு தேக்கரண்டி சோடா, சுமார் 400 மில்லி மோர் போதும்; ஆட்டா அதிகம் நீர் இழுப்பதால் இன்னும் சிறிது மோர் தேவைப்படலாம்.

கேள்வி: பத்து நிமிடம் நன்றாகப் பிசைந்தும் ரொட்டி கல்லாகிவிட்டது, நடுவில் வேகவும் இல்லை. ஏன்?

பிசைந்ததுதான் காரணம். சப்பாத்திக்குப் பழகிய கைக்கு இதை ஏற்பது கடினம். நானும் முதல் சில முறை இதே தவற்றைச் செய்தேன். மோர் பட்ட நொடியிலேயே சோடா கரியமில வாயுவை வெளிவிடத் தொடங்குகிறது. நீங்கள் பிசைந்துகொண்டிருந்த பத்து நிமிடமும் அந்த வாயு வீணாகிப் போக, மாவு மட்டும் இறுகியிருக்கிறது. எனவே ஓவனை முதலிலேயே 220 டிகிரிக்குச் சூடாக்கிவிட்டு, உலர்ந்த மாவின் நடுவில் குழி செய்து மோர் முழுவதையும் ஊற்றி, விரல்களை விரித்து விறைப்பாக வைத்துக்கொண்டு, நடுவிலிருந்து விளிம்பு நோக்கி வட்டமாகச் சுழற்றுங்கள். உலர்மாவு கண்ணில் படாத கணத்தில் நிறுத்திவிட வேண்டும். மாவு வடை மாவைப் போல் கையில் ஒட்டினால் பதம் சரி. அதை நான்கு சென்டிமீட்டர் உயர வட்டமாக்கி, குறுக்கும் நெடுக்குமாக ஆழமாகக் கீறி, 15 நிமிடம் சுட்ட பின் 200 டிகிரிக்குக் குறைத்து மேலும் 25 முதல் 30 நிமிடம் விடுங்கள். ரொட்டியைத் திருப்பி அடிப்பாகத்தைத் தட்டும்போது, உள்ளீடற்ற மரத்தைத் தட்டியது போன்ற ஒலி வந்தால் வெந்துவிட்டது.

கேள்வி: அந்தச் சிலுவைக் கீறல் எதற்கு?

தேவதைகள் வெளியேற வழி என்பது அங்குள்ள நம்பிக்கை. தடித்த நடுப்பகுதிக்கு வெப்பம் எட்டுவதும், ரொட்டியை நான்காகப் பிட்க முடிவதும் அதன் பயன்.

கேள்வி: ரொட்டியில் சோப்பு வாடை அடிக்கிறதே?

சோடா மிகுந்துவிட்டது, அல்லது கட்டியாகவே மாவில் விழுந்துவிட்டது. புளிப்புடன் சேராமல் மிஞ்சும் சோடாதான் அந்தச் சோப்புச் சுவையைத் தருகிறது. சோடாவை உள்ளங்கையில் கொட்டி, கட்டைவிரலால் நசுக்கிப் பொடித்துவிட்டுச் சலித்துச் சேருங்கள்.

கேள்வி: மேலோடு கடினமாகாமல் எப்படி வைத்திருப்பது?

சூடாக இருக்கும்போதே சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி வைத்தால், ரொட்டியின் ஆவியே மேலோட்டை இளக்கிவிடும். அன்றே வெண்ணெய் தடவி உண்பது சிறப்பு. மறுநாள் என்றால் வாட்டி உண்ணலாம்.