பழைய சல்லியும் சதமும்: வாசகர் கேள்வி-பதில்

அம்மாயியின் டிரங்குப் பெட்டியில் சதுரமான ஐந்து சதக் குற்றி ஒன்று கிடந்தது. வெள்ளையாக இருக்கிறது. வெள்ளியா? (பண்டாரவளை)

இல்லை. இலங்கையில் ஐந்து சதத்தை வெள்ளியில் அடித்ததே கிடையாது. 1870 ஆண்டு பொறித்த முதல் ஐந்து சதம் கனமான வட்டச் செம்புக் காசு. 1909இல் அது மூலை மழுங்கிய சதுரமாகி, செம்பு-நிக்கல் கலவைக்கு வந்தது. உலக யுத்தம் நடந்த 1942இல் அதே சதுரம் மஞ்சளாக, நிக்கல் கலந்த பித்தளையில் வந்தது. 1978இல் அலுமினியம். கையில் வைத்தால் கனமே தெரியாமல், அரச இலச்சினையோடு இருந்தால் அது அலுமினியம். ராஜாவின் தலை இருந்தால் செம்பு-நிக்கல், பத்திரமாக வையுங்கள்.

ஐந்தாம் ஜோர்ஜ் தலை போட்ட ஐம்பது சதம் கறுத்துவிட்டது. புளி போட்டுத் தேய்க்கலாமா? (ஹட்டன்)

தயவுசெய்து வேண்டாம். தேய்த்த காசைச் சேகரிப்பாளர் பாதி விலைக்கும் கேட்கமாட்டார். உங்களுடையது வெள்ளிதான். ஆனால் ஆண்டைப் பாருங்கள்: 1917 வரை நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி, 1919 முதல் 55 பங்குதான். முதலாம் உலக யுத்தத்தில் வெள்ளி விலை ஏறியதே காரணம்.

கோப்பி அழிந்தபோது நோட்டும் மாறியதாமே? (மடுல்சீமை)

உண்மை, அதுவும் உங்கள் ஊர்ப் பக்கம் தொடங்கிய கதை. கோப்பி இலையில் மஞ்சள் பூஞ்சை நோய் 1869இல் மடுல்சீமைப் பகுதியில்தான் முதலில் தென்பட்டது. தோட்டங்களுக்குத் தாராளமாகக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி, அப்போது நாட்டில் புழங்கிய நோட்டுகளையும் வெளியிட்டு வந்தது. கோப்பி விழ, கடன் திரும்பவில்லை. 1884 மே மாதம் வங்கி கதவை மூடியது. கையில் நோட்டு வைத்திருந்தவர்கள் தவித்தபோது, ஆளுநர் ஆர்தர் கோர்டன் அந்த நோட்டுகளுக்கு அரசாங்கமே பொறுப்பு என்றார். 1885 முதல் அரசாங்கம் தானே நோட்டு வெளியிடத் தொடங்கியது. எங்கள் முன்னோர் நட்ட செடியின் நோய் ஒரு நாட்டின் நாணய முறையையே மாற்றியது. மலையக வரலாறு பேசும் மேடைகளில் இதைச் சொல்லாமல் விடுவது எனக்குப் பெரிய மனக்குறை.

தோட்டத்தில் 'துண்டு' என்று ஒரு காசு இருந்ததா? (நுவரெலியா)

காசு இல்லை, கடன் சீட்டு. தொழிலாளியின் கடனைப் புதிய தோட்டம் தீர்த்தால் அவரை விடுவிப்பதாகப் பழைய தோட்டம் எழுதிக் கொடுப்பது. அப்புறம் அந்தக் கடன் புதிய இடத்தில் அவர் தலையில் ஏறும். 1921இல் சட்டம் போட்டுத் தடைசெய்தார்கள்.

அப்பா ஒளித்து வைத்த பழைய நூறு ரூபாய் நோட்டு, 1970க்கு முந்தியது. வங்கி எடுக்குமா? (தலவாக்கலை)

எடுக்காது. என். எம். பெரேரா நிதியமைச்சராக இருந்தபோது பழைய ஐம்பது, நூறு ரூபாய் நோட்டுகள் 1970 நவம்பர் 3ஆம் திகதியுடன் செல்லாமல் போயின. மடிப்பு இல்லாமல் இருந்தால் சேகரிப்பாளரிடம் காட்டிப் பாருங்கள்.