மனைக்காரர் காலி செய்யச் சொல்கிறார்: தோட்டத்தை எங்கே கொண்டுபோவது?

காலிமனையில் போட்ட தோட்டத்தை இரண்டு மாதத்தில் எடுக்கச் சொல்லிவிட்டார் மனைக்காரர், இனி எங்கே போவது என்று கேட்கிறீர்கள். இன்னொரு தனியார் காலிமனையைத் தேடாதீர்கள். அவரும் ஒருநாள் வீடு கட்டத்தான் போகிறார். உங்கள் வார்டில் ஓஎஸ்ஆர் நிலம், அதாவது மனைப்பிரிவு போட்டவர்கள் பொதுத் திறந்தவெளிக்கென விட்ட இடம், இருக்கிறதா என்று பாருங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுக்க வேண்டும் என்பது விதி. சென்னைப் புறநகரில் இவற்றில் சில முள் மண்டிக் கிடக்கின்றன.

இடம் கேட்டு மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் கொடுத்த மனுவுக்குப் பதிலே இல்லை என்கிறீர்கள். ‘ஏதாவது ஓர் இடம் தாருங்கள்’ என்று பொதுவாக எழுதியிருந்தால் அது நகராது. சர்வே எண், பரப்பு, பராமரிக்கப்போவது யார், தண்ணீருக்கு என்ன வழி, எல்லாம் வேண்டும்.

மறுபடி எழுதுமுன்:

1. சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவு வரைபடத்தில் ‘பூங்கா’ என்று குறித்த இடத்தின் சர்வே எண்ணை எடுங்கள்.

2. அதை அரசின் நிலப்பதிவுத் தளத்தில் போட்டுப் பாருங்கள். ஏரி, ஓடைப் புறம்போக்கு என்று வந்தால் விட்டுவிடுங்கள், எவ்வளவு காலியாகத் தெரிந்தாலும்.

அனுமதி கிடைத்தாலும் அது பராமரிக்க மட்டுமே, நிலத்தில் உரிமை வராது. கவுன்சிலரின் வாய்வார்த்தையை நம்பிப் பாத்தி கட்டாதீர்கள், எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டு மாதம்தான் கெடு என்பதால் ஒன்று: முருங்கையை வேரோடு பெயர்க்க மெனக்கெட வேண்டாம், போத்து (தடித்த கிளைத் துண்டு) வெட்டி நட்டால் போதும். வாழைக்குப் பக்கக்கன்று. எரு போட்டுத் தேற்றிய மேல்மண்ணை மனைக்காரரிடம் கேட்டுக்கொண்டு முதலில் சாக்கில் அள்ளுங்கள். புது இடத்தில் பெரும்பாலும் கட்டடக் கழிவுதான் கிடக்கும்.