தெருவில் இறங்கினால் பதறும் நாய்

கேள்வி: தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் எங்கள் 2 வயது நாட்டு நாய் வீட்டில் சாதுவாக இருக்கிறது, வெளியே வேறு நாயைக் கண்டால் வாரை இழுத்துக்கொண்டு குரைக்கிறது. அதட்டியும் பயனில்லை. என்ன செய்யலாம்?
- வாசகி, மதுரை

பதில்: முதலில் அதட்டலை நிறுத்துங்கள், வேறு நாய் தென்படும்போதெல்லாம் திட்டும் விழுந்தால், அச்சம் கூடவே செய்யும். மற்றொரு நாயைப் பார்த்தும் குரைக்காமல், நீங்கள் நீட்டும் தீனியை உங்கள் நாய் வாங்கித் தின்னக்கூடிய தூரம் ஒன்று உண்டு. அது 30 அடியாகவும் இருக்கலாம், தெருவின் மறுமுனையாகவும் இருக்கலாம். அங்கே நின்று, எதிர்நாய் கண்ணில் பட்ட பிறகே வேகவைத்த கோழித் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கொடுங்கள்; அது மறைந்ததும் நிறுத்திவிடுங்கள். இந்த வரிசை மாறக்கூடாது. எதிர்நாயைக் கண்டதும் உங்கள் நாய் தானாகவே உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கிய பின், இரண்டடி நெருங்கலாம். அதற்குப் பல வாரங்கள் ஆகலாம். தீனியை மறுத்தாலோ, உடல் விறைத்தாலோ, உதட்டை நக்கிக்கொண்டே இருந்தாலோ மிக அருகில் வந்துவிட்டீர்கள் என்று பொருள், பேசாமல் பின்வாங்குங்கள். கழுத்துப்பட்டைக்குப் பதிலாக மார்புப்பட்டை அணிவியுங்கள். தெருநாய்கள் திரியாத நேரம் பார்த்து நடத்துங்கள் (நம் ஊர்த் தெருக்களில் இதுதான் பெரும்பாடு). காதுவலியும் மூட்டுவலியும்கூட நாயைச் சிடுசிடுப்பாக்கும் என்பதால், ஒருமுறை கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.