கூறைச் சேலை: பட்டு வேறு, சரிகை வேறு

கேள்வி: ஆவணியில் தங்கச்சிக்குக் கலியாணம். வெள்ளவத்தைக் கடை ஒன்றில் 85,000 ரூபாய்க்கு ஒரு கூறை பார்த்தோம். அசல் காஞ்சிபுரம் என்கிறார்கள். சில்க் மார்க் அட்டையும் தொங்குகிறது. நம்பி வாங்கலாமா?

பதில்: அந்த அட்டை இந்திய மத்திய பட்டு வாரியத்தின் ஏற்பாடு, 2004இல் வந்தது. நூல் சுத்தமான பட்டு என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. சரிகை வெள்ளியா, சேலை காஞ்சிபுரத்தில் நெய்ததா என்று அது சொல்லாது. ஆனால் கூறையின் விலையை ஏற்றுவது சரிகைதான்.

ஆகவே சேலையைத் திருப்பிப் பிடித்து, ஓரத்தில் பிசிறி நிற்கும் ஒரு சரிகை இழையை நகத்தால் மெதுவாகப் பிரிக்கச் சொல்லுங்கள். அசல் சரிகையில் சிவப்புச் சாயமிட்ட பட்டு நூலைச் சுற்றி வெள்ளிக் கம்பி, அதன் மேல் தங்க முலாம். உள்ளே வெள்ளை நூல் தெரிந்தாலோ, சுரண்டிய இடம் செம்பு நிறமாக இருந்தாலோ அது வேறு சரிகை. அதுவும் உடுக்கலாம், பிழையில்லை. ஆனால் வெள்ளிச் சரிகை விலை கொடுக்கக் கூடாது. என் அம்மாவின் கூறையில் சரிகை கறுத்துவிட்டது, இன்னும் ஓர் இழை உதிரவில்லை.

முந்தானை வேறு நிறமென்றால், அது சேலையின் உடல்பகுதியோடு சேரும் கோட்டையும் பாருங்கள். பழைய முறையில் பாவு நூலை, அதாவது நெடுக்காக ஓடும் நூலை, ஒவ்வொன்றாக முறுக்கி இணைப்பார்கள். அந்தக் கோடு விரலுக்குத் தட்டுப்படும்.

அட்டையில்லாத சேலை என்றால், சேலையோடு வரும் சட்டைத்துணியின் வெட்டு ஓரத்தில் நெடுக்காக ஒன்று, குறுக்காக ஒன்று என இரண்டு நூல் கேட்டு வாங்கி வீட்டில் எரித்துப் பாருங்கள். பாவு பட்டாகவும், குறுக்கே ஓடும் ஊடு பொலியெஸ்டராகவும் வருவதுண்டு, அதனால்தான் இரண்டு. பட்டு தலைமுடி கருகுவது போல மணக்கும், சாம்பல் பொடியாகும். பொலியெஸ்டர் உருகிக் கட்டியாகிவிடும்.

சரி, பிடித்துவிட்டதா? பற்றுச்சீட்டில் வெறுமனே ‘சேலை’ என்று எழுத விடாதீர்கள். ‘சுத்தப் பட்டு, வெள்ளிச் சரிகை, காஞ்சிபுரம்’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், இல்லாவிட்டால் எழுந்து வாருங்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டு தந்தே ஆக வேண்டும். ஏமாற்றியது தெரிந்தால், வாங்கி மூன்று மாதத்துக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். தொலைபேசி 1977.

இதெல்லாம் பார்த்து முடியும்வரை சட்டைத்துணியைத் தையல்காரரிடம் கொடுத்து வெட்டிவிடாதீர்கள்.